ஜெனோவாவில் நாலே முக்கால் மணி நேரம்

கப்பலின் பணியாளர் வாசலில் ஜெசிந்தா வாஸ் இறங்கியபோது மணி பத்தே முக்கால். மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் மேலதிகாரி எழுதிவைத்துவிடுவார். இரண்டு முறை எழுதினால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. அவள் பெயர் ஏற்கெனவே ஒரு முறை எழுதப்பட்டிருந்தது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பதினாறு அறைகளின் படுக்கை விரிப்புகளை மாற்றியிருந்தாள். முதுகு கழன்று விழுவதுபோல் இருந்தது. மூவாயிரம் பயணிகளும் தொப்பியும் கேமராவுமாக ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் வாரக்கணக்கில் தூங்கியவர்கள், எந்த ஊரையும் பார்க்கலாம். ஜெசிந்தாவுக்கு எதிரில் தெரிந்த மலையும், அதில் அடுக்கடுக்காக ஏறிய மஞ்சள் வீடுகளும் ஒரே ஒரு எண்ணத்தைத்தான் தந்தன. இவ்வளவையும் ஏற வேண்டுமா?

ஏறத்தான் வேண்டும். அவள் கைப்பையில் ஒரு காலண்டர் தாள் மடித்துக் கிடந்தது.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். கப்பல் சமையலறையில் காய்கறி வெட்டும் ரூபன் மச்சாது ஒருவன். ரொட்டி அடுப்பில் வேலை பார்க்கும் இசக்கிராஜா இன்னொருவர். இசக்கி அண்ணனுக்கு ஐம்பது வயது, இரண்டு முழங்காலும் வலி. ஆனால் மூவரில் இத்தாலி மொழி தெரிந்தவர் அவர்தான். இருபது வார்த்தைகள் தெரியும். அவற்றில் பதினெட்டு ரொட்டியைப் பற்றியவை.

ரூபனும் ஜெசிந்தாவும் தூத்துக்குடிக்காரர்கள், ஒரே தெரு. ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் முப்பத்திரண்டு வருடமாகப் பேச்சில்லை. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த இருவருடைய அப்பாக்களும் அந்தக் காலத்தில் ஒரே சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார்கள். இந்த ஜெனோவாவுக்கு வெளியே ஒரு குளிர்காலப் புயலில் அந்தக் கப்பல் மூழ்கியது. ஜெசிந்தாவின் அப்பா ரொசாரி கரை சேர்ந்தார். ரூபனின் அப்பா செபஸ்தியான் சேரவில்லை. ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களாம். ரொசாரி கையை விட்டுவிட்டான் என்று ஊர் பேசியது. ரொசாரி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

விதி பாருங்கள், அந்த இருவருடைய பிள்ளைகளும் ஒரே கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, ஆசைப்பட்டு, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவும் செய்துவிட்டார்கள். ரூபனின் அம்மா பிரகாசி அழவில்லை, கத்தவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். யாரைக் கேட்பது? ரொசாரிக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் எழுத்தும் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

போன விடுமுறையில் ஜெசிந்தா அப்பாவிடம் தன் கப்பல் ஜெனோவாவில் நிற்கும் என்றாள். அவர் கண் கலங்கியது. சுவரிலிருந்த காலண்டரைக் காட்டி, ஒரு தாளைக் கிழிக்கச் சைகை செய்து, பின்பக்கம் நடுங்க நடுங்க ஒரு படம் வரைந்தார். இரண்டு நீளக் கோடுகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிலுவை. ஒரு கோட்டின் மேல் ஒரு மணிக்கூண்டும் அதற்கு அப்பால் ஒரு கலங்கரை விளக்கமும். இன்னொரு கோட்டின் மேல் வரி வரியாக ஒரு கோபுரமும் ஒரு குட்டைக் குச்சியும். அவ்வளவுதான். உயிர் பிழைத்த கடலோடிகள் இந்த ஊர் மாதா கோவில்களில் நடந்ததைப் படமாக வரைந்து காணிக்கையாக மாட்டுவார்கள் என்று இசக்கி அண்ணன் கேள்விப்பட்டிருந்தார். அப்பா எதையோ மாட்டியிருக்கிறார், அது அவர் கையை விடவில்லை என்பதற்குச் சாட்சி என்று ஜெசிந்தா உறுதியாக நம்பினாள்.

கோடுகள் என்றால் சாலைகள் அல்லவா? மூவரும் முதலில் கலங்கரை விளக்கத்துக்கு நடந்தார்கள். வெயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து ஊருக்குள் நேராகப் போகிற சாலை எதுவும் இல்லை. பிறகு கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பெரிய கோவிலைத் தேடி வந்தார்கள். அதன் பின்னால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். ஒரு சந்தில் புகுந்து வெளியே வந்தால் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றார்கள். தலைக்கு மேலே கயிறு கட்டி விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள். இங்கேயும் விரிப்பு! ஜெசிந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மணி ஒன்றரை. மலைப் படிகளில் பாதி ஏறி, இசக்கி அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். வாங்கியிருந்த ரொட்டியை மூன்றாகப் பிய்த்தார். ஊரில் நூறு கோவில் இருக்கிறது, கப்பலுக்குத் திரும்பிவிடுவதே புத்தி என்றார்.  ரூபனும் அதைத்தான் நினைக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

ஜெசிந்தா கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். அறைகளுக்குள்ளேயே பதினோரு வருடம் உழைத்தவள், கடல்மேல் இருந்துகொண்டே கடலை நிமிர்ந்து பார்க்காதவள். கீழே கூரைகளுக்கு நடுவில் ஒரு மணிக்கூண்டு தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம், தூரத்தில் கலங்கரை விளக்கம். ரொட்டி அவள் வாயிலேயே நின்றது.

"ரூபன், இது ரோடு இல்ல. எங்கப்பா மடி வலை வைக்கப் போற எடத்துக்கு அடையாளம் பாப்பாருல்லா, அது."

ரூபனுக்குச் சட்டென்று புரிந்தது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த யாருக்கும் புரியும். நடுக்கடலில் பாறை இருக்கும் இடத்துக்குப் பெயர்ப்பலகை உண்டா? கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கோவிலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரவைப்பார்கள். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடியை அப்படியே வரவைப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் சேர்கிற இடத்தில் வலையைப் போடுவார்கள். ரொசாரி வாழ்நாள் முழுக்கத் தெரிந்துவைத்திருந்த ஒரே வழிகாட்டல் அதுதான். கரையிலிருந்த கோவிலுக்கும் அதையே வரைந்துவிட்டார். மீன்காரர் பிள்ளைகள் இருவரும் சுற்றுலாப் பயணிகள்போல அதில் தெருவைத் தேடி இரண்டரை மணி நேரம் அலைந்திருந்தார்கள்.

எழுந்து ஓடினார்கள். மணிக்கூண்டு கலங்கரை விளக்கத்தை மறைக்கும்வரை வலப்பக்கச் சந்தில் போனார்கள். பிறகு கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, அந்த மறைப்பு விலகாமல் நேர்மேலே ஏறினார்கள். கலங்கரை விளக்கம் இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். ஒரு சுவரைத் தாண்டிக் குதித்ததில் ரூபனின் முழங்கை சிராய்ந்தது. இசக்கி அண்ணன் படிகளைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். இன்னும் நாற்பது படி. வரிக் கோபுரம் மெல்ல நகர்ந்து, கடலில் நீண்ட தடுப்புச் சுவரின் முனையிலிருந்த குட்டை விளக்குக் கம்பத்துக்கு நேராக வந்து நின்றது. ஜெசிந்தா மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன மாதா கோவில் இருந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஓர் அம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூடுகிற நேரம், போய்வாருங்கள் என்று கையைக் காட்டினாள். இசக்கி அண்ணன் தன் இருபது வார்த்தைகளையும் செலவழித்தார். அந்த அம்மாள் மசியவில்லை. ஜெசிந்தா செருப்பைக் கழற்றினாள். வாளியிலிருந்த இன்னொரு துணியைப் பிழிந்து, வாசலிலிருந்து பின்பக்கமாக நகர்ந்தபடி தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாள் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அது வேலை தெரிந்த கை. பிறகு சுவர்ப் பக்கமிருந்த விளக்கைப் போட்டாள்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். புயல்கள், உடைந்த பாய்மரங்கள், மேகத்தில் மாதா. கீழ்வரிசையில், கைக்கடக்கமான ஒரு பலகையில் இரண்டு கறுத்த மனிதர்கள் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அடியில் தமிழ் எழுத்துகள். ஜெசிந்தா முழங்காலிட்டு வாசித்தாள்.

"செபஸ்தியை இருட்டியதிலிருந்து விடியும்வரை பிடித்திருந்தேன். விடிந்தபோது கையை விட்டது நான்தான். அவன் விடவில்லை. ஊரில் சொல்லத் தைரியமில்லை. தாயே, நீயாவது தெரிந்துகொள். ரொசாரி வாஸ், தூத்துக்குடி."

அவளுக்கு உலகமே வெறுத்துப்போனது. இதற்காகவா இவ்வளவு தூரம்? ரூபன் வாசலில் இசக்கி அண்ணனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் எப்படியாவது நடந்துவிடும். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயில்லாத மனிதர் தாளைக் கிழிக்கவைத்து இதைத்தானே காட்டி அனுப்பினார்? அவள் நகர்ந்து ரூபனுக்கு இடம் விட்டாள்.

அவன் இரண்டு முறை வாசித்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு வெளியே போய் அம்மாவைக் கைபேசியில் அழைத்து, ஓர் எழுத்து விடாமல் வாசித்தான்.  வாசித்து முடித்ததும் அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மணி இரண்டு ஐம்பது. யாரும் யாரையும் பார்க்காமல் இறங்கி ஓடினார்கள். ஏறியதைவிட இறங்குவது மோசமாக இருந்தது. ஜெசிந்தாவின் தொடைகள் நடுங்கின. அப்பா மீது கோபம் வந்தது, அடுத்த படியில் பாவமாக இருந்தது, அதற்கடுத்த படியில் மறுபடி கோபம். கடைசித் தெருவில் இசக்கி அண்ணனின் இரண்டு பக்கமும் தோள்கொடுத்து ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மூன்று இருபத்தாறு. கப்பலின் ஏணிப்பாலம் பத்தடியில் இருக்கும்போது ரூபனின் கைபேசி அடித்தது. பிரகாசி, அந்த முதல் வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான்.

"விடியிற வரைக்குமா?" என்றாள். "அப்போ ராத்திரி பூரா ஒங்கப்பா தனியா கெடக்கல. முப்பத்திரண்டு வருஷமா நான் அவரு இருட்டுல ஒத்தையில கெடந்தாருன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் பிள்ளைட்டக் குடு."

ஜெசிந்தா இரண்டு கையாலும் கைபேசியை வாங்கினாள். சொல்லுங்க மாமி என்றாள். 

"ஒங்கப்பாவுக்கு எந்தக் கை வெளங்குது?"

"இடது கை, மாமி."

"இப்பவே போயி அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காருதேன். நீ வேலைக்குப் போ."

வாசலில் நின்ற காவலர் மணியைப் பார்த்து, சீக்கிரம் என்றார். ஊரில் என்ன கிடைத்தது என்று சும்மா கேட்டார். இசக்கி அண்ணன் மீதி ரொட்டியைக் காட்டினார். ஜெசிந்தா அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போனாள். உண்மை எவ்வளவு கசப்பாக இருந்தாலும் முழுவதையும் சொல்லிவிட வேண்டும், கேட்பவருக்கு அதில் எந்தப் பாதி தேவையோ யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். நாலு மணிக்குப் பதினாறு அறைகள் காத்திருந்தன. முதல் அறையின் தலையணைக்கு உறை போடும்போது, அதில் முகத்தைப் புதைத்து ஒரு நிமிடம் நன்றாக அழுதாள். பிறகு உறையை மாற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.