கழற்றிவிட்ட பெட்டி

ஹெட்செட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

செலினா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைக் காம்பராவில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. தாய்மார் ரப்பர் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்காகக் கட்டிய அறை அது. குழந்தைகள் குறைந்து இரண்டு வருஷம் மூடிக் கிடந்துவிட்டு, இப்போது வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியின் பயிற்சி அறையாகியிருந்தது. சுவரில் பாதி உரிந்த யானைப் படம், ஈரத் தொட்டில் துணியின் பழைய வாடை, ரப்பர் ஸ்டோரிலிருந்து இறங்கிவரும் புளித்த புகை, இவற்றுக்கு நடுவே ஒரு மடிக்கணினி. அதன் திரையில், ஏதோ பாலைவன நாட்டு ரயில் யார்டில், அவள் ஓட்டிப் பழகும் சரக்குக் கோச்சி நின்றது.

மறுபடியும் இருமல். இரண்டு குத்து, அதன்பின் விசிலடிப்பதுபோல் இழுக்கும் மூச்சு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முதல் காம்பராவில் தனியாக இருக்கும் ஜெயம்மாதான் அப்படி இருமுவாள். சத்தம் எஞ்சினுக்குப் பின்னால் கொக்கி மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

கணினிக்குள் என்னென்ன சத்தமெல்லாம் வைத்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு, தண்டவாளம் பிரியும் பொயிண்டைத் திருப்பி, பெட்டியை மெதுவாக இழுத்துக்கொண்டு போய் மெயின் லைனில் சேர்த்தாள். முதல் பாடம் முடிந்தது என்று பச்சை எழுத்து வந்தது.

மறுநாள் காலை ஜெயம்மாவின் கதவில் பூட்டுத் தொங்கியது. பல வருஷம் மழையில் கிடந்ததுபோல் துருவேறிய பூட்டு.

"மகன் வந்து கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருப்பான்," என்றார் இரண்டாம் காம்பரா செல்லையா. "இங்க இருந்து யாருதான் போகல?"

அதோடு பேச்சு முடிந்தது. தோட்டத்தில் ஒரு மாடு காணாமல் போனால் நாலு பேர் டோர்ச் எடுத்துக்கொண்டு தேடுவார்கள். ஆள் காணாமல் போனால், போய்விட்டார்கள் என்பார்கள்.

இரண்டாம் பாடத்தில் வந்த பெட்டிக்குள் சிங்களச் செய்தி ஓடியது. காது கேளாத செல்லையா ஊருக்கே கேட்கும்படி வைக்கும் அதே ரேடியோ. கருவாடு பொரிக்கும் வாசம்கூட அடித்தது. ஹெட்செட்டில் வாசம் எப்படி வரும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, செலினா அந்தப் பெட்டியையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். விடிந்தபோது செல்லையாவும் பெண்சாதியும் இல்லை. அங்கேயும் துருவேறிய பூட்டு.

"எம்பிலிப்பிட்டியவுல மக வீடு இருக்குல்ல," என்றான் அவள் புருஷன் சாள்ஸ், சோற்றைப் பிசைந்தபடி.

அவள் ஏஜென்சியில் பயிற்சி கொடுக்கும் சுரேந்திரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, பெட்டிக்குள்ள மனுஷங்க சத்தம் கேக்குதுங்க."

"லோட் எல்லாம் சிஸ்டமே போடுறது அக்கா. நீங்க லைன மட்டும் பாருங்க. நாளைக்குக் கடைசிப் பாடம். ஒரு தடவைதான் குடுப்பாங்க. ரெண்டு பெட்டி வரும், ஒண்ணக் கொண்டுபோனாலும் பாஸ்தான். ஹரித?"

சரி என்று அவளும் சிங்களத்திலேயே ஹரி என்றாள். வேறு என்ன சொல்ல? அவள் அம்மா குவைத்தில் எட்டு வருஷம் அடுத்தவர் கக்கூஸ் கழுவி, முதுகு கோணித் திரும்பி வந்தவள். செலினாவும் போகத்தான் வேண்டும். ஆனால் துடைப்பத்தோடு அல்ல, எஞ்சின் ஓட்டப் போக வேண்டும். இரத்தினபுரிக்கு வந்த தண்டவாளத்தைப் பிடுங்கி ஐம்பது வருஷமாகிறது. கோச்சியே ஓடாத ஊரில் கோச்சி ஓட்டப் படிக்கும் பைத்தியக்காரி என்று ஸ்டோரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மகள் டிலானியாவது ரப்பர் மரத்துக்கு அடியில் நிற்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் பகலெல்லாம் மழை. பால்வெட்டு இல்லை. சாள்ஸ் லொறியில் அவிசாவளைக்குப் போயிருந்தான். காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்திருந்த டிலானியை வாய்ப்பாடு படிக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் காம்பரா இந்திரகுமாரின் மனைவியிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லி, செலினா பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கினாள்.

எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்.

முதலாவதில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. இந்திரகுமாரின் குழந்தை. இரண்டாவதில், மழைச் சத்தத்துக்கு அடியில், டிலானி ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

செலினா கதவுக்கு ஓடினாள். மேட்டில் லயம் அப்படியே இருந்தது. நாலாம் காம்பராவின் ஜன்னலில் லைட். டிலானியின் தலை புத்தகத்தின்மேல் குனிந்திருந்தது. இருக்கிறாள். இன்னும் இருக்கிறாள்.

அப்போதே மடிக்கணினியை மூடிவிட்டு மேட்டில் ஏறியிருக்கலாம். யாரும் அவள் கையைக் கட்டிப்போடவில்லை. ஆனால் அவள் கணக்குப் போட்டாள். ஒன்றைக் கொண்டுபோனாலும் பாஸ்தான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் சதை இரண்டாவது பெட்டியில் இருந்தது. முதலாவதில் இருந்தது யார் பிள்ளையோ. செலினாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் உட்கார்ந்தாள்.

டிலானியின் பெட்டியைப் பக்கத்து லைனில் தள்ளி நிறுத்தினாள். கொக்கியைக் கழற்றினாள். குழந்தையின் பெட்டியோடு எஞ்சினை முன்னால் எடுத்தாள். சிணுங்கல் அழுகையாயிற்று. பொயிண்ட் தாண்டியது. சிக்னல் தாண்டியது. அழுகை நின்றது.

பச்சை எழுத்து வரவில்லை.

ஹெட்செட்டில் தடக் என்றது. அவள் எஞ்சின் நின்றிருந்தது. மறுபடியும் தடக்.

கழற்றிவிட்ட பெட்டி உருண்டுகொண்டிருந்தது.

கழற்றுமுன் பெட்டியின் ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும் என்று சுரேந்திரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தோட்டத்தில் யார் ஹேண்ட் பிரேக்கைக் கண்டார்கள்? சாள்ஸின் லொறியில் அது வேலை செய்ததே இல்லை. மேட்டில் நிறுத்தினால், இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது செலினாவின் வேலை. வண்டி நின்றால் கல் இருக்கும் என்று அவள் உடம்புக்கு ஒரு பழக்கம்.

திரையில் கல் இல்லை.

பிரேக்கை அழுத்தினாள். அது எஞ்சினின் பிரேக். பின்னால் எடுத்தாள். பொயிண்ட் மாறிக் கிடந்தது. தடக் தடக். யார்ட் சிக்னல் பக்கம் சரிந்திருந்தது. பெட்டி வேகம் பிடித்தது. ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு அம்பத்தாறு. சிக்னல். தாண்டிவிட்டது.

பச்சை எழுத்து. இரண்டு பெட்டிகளும் சேர்ந்தன. முழுப் புள்ளிகள்.

ஹெட்செட்டோடு எழுந்து ஓடினாள். வயர் பிய்ந்து வந்தது. சேறு. படி. ஒரு செருப்புப் போயிற்று. லயத்தில் ஒரு லைட்டும் இல்லை. மூன்றாம் கதவில் பூட்டு. நாலாம் கதவில் பூட்டு. துரு அவள் விரல்களில் ஒட்டியது. ஜன்னல் பலகையை அடித்தாள். "டிலானி." உள்ளே ஆளில்லாத வீட்டின் சத்தம்.

கீழே லொறி வந்து நின்றது. சாள்ஸ் நனைந்துகொண்டே மேட்டில் ஏறி வந்து, கதவைப் பார்த்து, சட்டைப் பையைத் தடவினான்.

"சாவி ஒங்கிட்டயா இருக்கு?"

"என்னங்க, புள்ளைய காணோம்ங்க."

"ஒந் தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிருப்பா. நல்லதுதான். நீ போன பெறகு பாத்துக்க ஆளு வேணும்ல."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதான் கதவு பூட்டியிருக்கே." அவன் முகத்தில் கவலையின் சுவடே இல்லை. "பாஸ் பண்ணிட்டியா?"

அவள் கழுத்தில் கிடந்த ஹெட்செட்டின் அறுந்த வயரில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே தடக் தடக் என்று சக்கரங்கள் ஓடின. அந்தச் சத்தத்துக்கு நடுவே டிலானி, பஸ்ஸில் போகும்போது கேட்பதுபோல், பயமே இல்லாமல் கேட்டாள்.

"அம்மா, நம்ம எங்க எறங்கணும்?"

செலினா ஹெட்செட்டை வாயருகே பிடித்துக்கொண்டு கத்தினாள். சாள்ஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். டிலானி மறுபடியும், இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து, அதையே கேட்டாள்.