உள்ளிருந்து ஒரு விண்ணப்பம்

மாலை நான்கு பத்துக்கு, கதவு அனுமதி மேசையில் அவள் திரைக்கு வந்த விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் சரியில்லை.

நான்காம் கதவு, குளிரூட்டும் அறை. வெளி நிறுவன மெக்கானிக். காரணம்: வெளியே வர.

அந்த மெக்கானிக் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். இறந்து பதினொரு நாள் ஆகிறது.

வெளியாள் யாரையும் நம்பக்கூடாது. நேற்று வந்தவரும் இன்று புது ஆள்தான். கடவுச்சொல், கைபேசிக்கு வரும் எண், முகம் மூன்றும் சரியானால் முப்பது நிமிட அனுமதி. அது முடிந்தால் வெளியே வரவும் மூன்றையும் மறுபடி காட்ட வேண்டும். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

அன்று உள்ளே வாயு கசிந்தது அவருக்கே தெரியவில்லை. இன்டர்காமில் முதலில் சிரிப்புதான் கேட்டது.

"வாட்ச்மேன் மேடம், நேரம் முடிஞ்சிருச்சு. கதவைத் திற."

"முகம் பொருந்தலைன்னு வருது அத்தான். மறுபடி காட்டுங்க."

"தலை சுத்துதும்மா. என் குரல் தெரியலையா உனக்கு?"

"தெரியுது. உங்களுக்கு மட்டும் விட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. இன்னும் ஒரே ஒரு தரம்."

காட்டினார். பொருந்தவில்லை. அந்த முகம் நீலம் பாரித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்காவிடம் இதை அவள் சொல்லவில்லை. "அந்த நேரம் நீ சீட்ல இருந்திருந்தா விட்டிருப்பியாடி அவரை?" என்று அக்கா கேட்டபோது ஆமென்று தலையாட்டினாள்.

இப்போது கடவுச்சொல் பச்சை. எண் பச்சை. முகம் பச்சை. அந்த முகத்தின் படத்தை அவள் திறக்கவில்லை. மரத்துப்போன விரல், வேறு யாருடையதோ போல, அனுமதியை அழுத்தியது.

தாழ்வாரத்தின் கோடியில் பூட்டு விடுபடும் சத்தமும், கதவின் ரப்பர் விளிம்பு மெல்லப் பிரியும் சத்தமும் கேட்டன. பிறகு இயந்திர எண்ணெய் வாசனையோடு குளிர் தரையோடு தரையாக ஊர்ந்து வர, மாலை வெயில் பட்டுக்கொண்டிருந்த தடுப்புக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பனித்தன; அந்தப் பனி அவள் அறையை நெருங்கியது. காலடிச் சத்தம் இல்லை.

அவள் அறைக் கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல் ஒரு பனி வட்டம். முக உயரத்தில்.

மங்கியது. தெளிந்தது. மங்கியது.

"அத்தான்?"

தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். வட்டம் மறுபடி மங்கியது.

விரலை நீட்டித் துடைத்தாள்.

விரல் ஈரமானது. பனி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது.