அப்பா தள்ளிய பக்கம்

விளக்கேற்றிவிட்டு, குழைத்த விபூதியை மூன்று விரலில் எடுத்து ஹம்சா அப்பாவின் நெற்றியில் இழுத்தபோது டேப்லெட் மெல்லச் சொடுக்கியது. காமிரா மூடித் திறக்கிற சத்தம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். இன்றுதான் அவள் காதில் விழுந்தது. இன்றைக்கு வீட்டில் வேறு சத்தமே இல்லை.

தலைநகரத்துத் துவாரகாவில் எட்டாவது மாடி. வெளியே சாயங்காலத்திலேயே எதிர் பிளாக் காணாமல் போயிருந்தது. ஜனவரிப் பனியும் புகையும் கலந்து ஜன்னல் கண்ணாடியில் அழுக்குப் பஞ்சைப்போல ஒட்டிக் கிடந்தன. தலைக்கு மேல் எங்கேயோ விமானங்கள் இறங்க வழி தெரியாமல் உறுமிக்கொண்டு சுற்றின. ஹாலில் நல்லெண்ணெய்த் திரியின் வாசனை இருந்தது. அதற்கு அடியில், எத்தனை பினாயில் போட்டுத் துடைத்தும் போகாத நோயாளி வாசனையும் இருந்தது. அது வலப்பக்கச் சுவரோரம் போட்டிருந்த இரும்புக் கட்டிலிலிருந்து வந்தது. பக்கவாட்டில் கம்பி தூக்கி இறக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில், வாடகைக்கு எடுத்தது. எடுத்துப்போகச் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டாள். அச்சா மேடம், கல் மேடம் என்று நாளைக்குத் தள்ளுவார்கள். வரமாட்டார்கள்.

அப்பாவின் படத்தைச் சட்டம் போடக் கொடுத்த லக்ஷ்மிபாய் நகர்க் கடைக்காரன் அவர் முகத்தைக் கல்யாண மாப்பிள்ளைபோல ரோஜா நிறமாக்கிக் கொடுத்தான். அதை யாருக்கும் பிடிக்கவில்லை. தம்பி அர்விந்த், பதின்மூன்று நாள் காரியத்தை முடித்துக் கனடாவுக்குக் கிளம்புகிற அவசரத்தில், அப்பா கடைசிவரை வைத்திருந்த டேப்லெட்டிலேயே படத்தை ஏற்றி, திரை அணையாமல் இருக்க வழி செய்து, சார்ஜரைச் சொருகி, பூஜை அலமாரியில் நிறுத்திவிட்டுப் போனான். ஹம்சா அதற்கு மாலை போட்டாள். நெற்றியில் மூன்று கோடு இழுத்தாள். சட்டத்துக்குள் இருக்கிற படத்துக்கு எல்லார் வீட்டிலும் செய்வதுதான். கண்ணாடி என்றால் கண்ணாடி.

இந்தக் கண்ணாடிக்குத் தொடுவது தெரியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

படம் அப்பா ஓய்வுபெற்ற நாளில் எடுத்தது. மத்திய சர்க்கார் அண்டர் செகரெட்டரி ராமசுப்ரமணியன், பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால், இரண்டு கையையும் மேஜைமேல் படிய வைத்துக்கொண்டு. பிடிக்காத ஃபைலில் அவர் எதுவும் எழுதமாட்டாராம். மூன்று விரலால் இடப்பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். அது அப்புறம் யார் மேஜைக்கும் போகாது. வீட்டிலும் அதே பழக்கம். ஹம்சாவின் ஹைதராபாத் படிப்பு விண்ணப்பம் அப்படித்தான் போனது. அவள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த அந்தோணியின் போட்டோவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தபோது அவர் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூன்று விரல் நீண்டது. போட்டோ மேஜை விளிம்புவரை வழுக்கிப்போய்க் கீழே விழுந்தது. பேச்சு முடிந்தது.

பக்கவாதம் வந்து நாக்கும் மற்றதெல்லாமும் போன பிறகும், பாழாய்ப்போன அந்த மூன்று விரல் மட்டும் மிஞ்சியது. சிகிச்சைக்கு வந்த பெண் அவருக்கு டேப்லெட்டைப் பழக்கினாள். வலப்பக்கம் தள்ளினால் சரி. இடப்பக்கம் தள்ளினால் வேண்டாம். ஹம்சா வேலைக்குப் போகிற நேரத்துக்காக வாசல் காமிராவையும் பூட்டையும் அதிலேயே இணைத்தார்கள். மணி அடித்தால் வந்தவர் முகம் திரையில் வரும். வலப்பக்கம் தள்ளினால் கதவு திறக்கும், இடப்பக்கம் தள்ளினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். அப்பாவுக்கு மறுபடி ஆபீஸ் கிடைத்தது. யாருக்கும் அவர் கதவைத் திறக்கவில்லை. வீட்டுவேலைக்கு வரும் பவுனு நடைபாதையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டுத் திரும்பிப்போன நாட்கள் உண்டு. “ஐயாவுக்கு வாய்தான்மா போச்சு, நாட்டாமை போவல” என்பாள்.

ஹம்சாவுக்கு அவர் ஒருமுறைகூட வலப்பக்கம் தள்ளியதில்லை. அந்தோணியைப் பற்றி மறுபடியும் மறுபடியும் கேட்டாள். கடைசியாக, சாவதற்கு முந்தின வாரம். திரை இடப்பக்கம் ஓடியது.

பவுனுவும் போன வாரம் நின்றுவிட்டாள். ஹம்சா ஆபீஸில் இருந்தபோது போன் செய்தாள். மணி அடித்தாளாம். சிவப்பு விளக்கு எரிந்ததாம். “உள்ள யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டாள். யாரும் இல்லை, பூட்டில் கோளாறு என்று ஹம்சா சொன்னாள். சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று பவுனு வைத்துவிட்டாள். பூட்டைப் பார்க்க ஆள் சொல்ல வேண்டும் என்று ஹம்சா நினைத்துக்கொண்டாள். அப்புறம் அது தேவைப்படவில்லை. இன்றோடு அவள் இந்த வீட்டைவிட்டுப் போகிறாள்.

பெட்டி கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. அந்தோணி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலை முடிந்து நேரே வருகிறான். நாளைக்குப் பதிவுத் திருமணம். வருஷாப்திகம் முடியும்வரை பொறுக்கக்கூடாதா, ஊர் என்ன சொல்லும் என்று அர்விந்த் கேட்டான். எந்த ஊர் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. போனை வைத்தாள். மத்தியானம் அந்தோணி கூப்பிட்டான்.

“என்ன மேடம், சர்க்கார்ல ஃபைலு நகந்துட்டா?”

“நாளைக்கு நகந்துடும்.”

“பதினோரு வருசம் பெண்டிங்கு. கின்னஸுக்கு எழுதிப் போடணும், பாத்துக்கோ.”

அவள் சிரித்தாள். அந்த ஹாலில் அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆயிற்று. சிரித்த பிறகு அலமாரிப் பக்கம் பார்க்கத் தோன்றியது. பார்த்தாள். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது, விபூதிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சொடுக்கல் என்ன என்று தேடினாள். விடை உடனே கிடைத்தது. அற்பமான விடை. மூன்று விரலால் இழுத்தால் திரையில் இருப்பதை அது அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளும். அர்விந்தின் போனிலும் அந்த வசதி உண்டு. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் நெற்றிக்கு இட்டதாக நினைத்தாள். டேப்லெட் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு படம் எடுத்திருக்கிறது. கையிலெடுத்துப் பார்த்தாள். எல்லாம் வரிசையாகச் சேர்ந்திருந்தன. ஒரே படத்தின் நகல்கள். அழித்துவிடலாம் என்று முதல் படத்தைத் திறந்தாள்.

மேஜை. பச்சைத் துணி. படிந்த இரண்டு கைகள்.

தள்ளினாள். அடுத்தது. அதே மேஜை, அதே கைகள். அடுத்தது. அதே. இன்னும் ஒன்று. இங்கே ஒரு கையின் அடியில் மெல்லிய நிழல் இருந்தது, உள்ளங்கை துணியைவிட்டு லேசாக எழுந்திருந்ததைப்போல. திரும்பி முந்தின படத்துக்குப் போனாள். நிழல் இல்லை. மறுபடி வந்தாள். இருந்தது. விளக்கின் சுடர் அசைகிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சுடர் கண்ணாடிக்கு வெளியே அல்லவா அசைகிறது என்று அவளுக்கே உடனே தெரிந்தது.

தள்ளினாள். கை மேஜைக்கு மேலே நின்றது.

தள்ளினாள். கை முகத்துக்கு நேராக வந்திருந்தது. விரல்கள் மங்கலாக, பெரிதாக, காமிராவுக்கு மிக அருகில் வந்துவிட்ட பொருளைப்போல.

தள்ளினாள். இன்றைய படம். அப்பாவின் முகம் பாதி மறைந்திருந்தது. அதை மறைத்துக்கொண்டு மூன்று விரல் நுனிகள். கண்ணாடியில் அழுத்தும்போது விரல் நுனி எப்படி வெளுக்குமோ அப்படி வெளுத்து, தட்டையாக.

டேப்லெட் அவள் கையிலிருந்து அலமாரித் தட்டில் நழுவி, சாய்ந்து, தானாக நிமிர்ந்ததுபோல நின்றது. திரையில் பழைய படம் வந்தது. மேஜை. கைகள் படிந்திருந்தன. ஒன்றும் இல்லை. நெற்றியில் விபூதிக் கோடு மூன்று மட்டும் விளக்கொளியில் ஈரமாக மின்னியது.

முந்தானையால் அதைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். நகத்தால் சுரண்டினாள். நகத்துக்கு அடியில் வழுவழுப்பான கண்ணாடிதான் தட்டுப்பட்டது. சாம்பல் இல்லை. கோடுகள் இருந்தன.

அவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

சார்ஜரைப் பிடுங்கினாள். ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை அணையவில்லை. அந்தோணியைக் கூப்பிட்டுச் சீக்கிரம் வரச்சொல்லலாம் என்று தன் போனை எடுத்தாள். அவன் பெயர் வந்தது. ஒருமுறை மணி போனது. பிறகு அவன் பெயர் இடப்பக்கம் நகர்ந்து, விளிம்பைத் தாண்டி, இல்லாமல் போனது. அவள் விரல் அதன்மேல் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி நகர்ந்தது. இந்த முறை மெதுவாக. அவள் பார்க்க வேண்டும் என்பதுபோல.

வாசல் மணி அடித்தது.

அப்பாவின் படம் போய்த் திரையில் அந்தோணி வந்தான். நடைபாதைக் குழல்விளக்கின் கீழ், மப்ளரும் ஹெல்மெட்டும், கையில் ஆரஞ்சு நிறைந்த பை. காமிராவுக்கு நேராக முகத்தை வைத்து ஒரு சல்யூட் அடித்தான். அவனுக்குப் பின்னால் பனி நடைபாதைக்குள்ளேயே புகுந்திருந்தது. வாசலிலிருந்து இடப்பக்கம், நடைபாதை முடிகிற இடத்தில், பெயின்ட் அடிக்கக் கழற்றிய கம்பித் தடுப்பைக் குடியிருப்புச் சொசைட்டிக்காரர்கள் இன்னும் மாட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் கயிறுதான் கட்டியிருந்தார்கள்.

ஹம்சா திரையை வலப்பக்கம் தள்ளினாள். நகரவில்லை. உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தள்ளினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ அவள் கையோடு சேர்ந்து அழுத்தியது. குளிர்ந்திருந்தது. அது அவளைவிட வலுவாக இருந்தது.

சாம்பல் கோடு மூன்றும் அவள் உள்ளங்கைக்கு அடியில் இடப்பக்கம் நகரத் தொடங்கின.

அவற்றோடு அந்தோணியும் நகர்ந்தான்.

அவன் நடக்கவில்லை. கால்கள் சேர்ந்தே இருந்தன. திரையில் அவன் உருவம் மட்டும் நகர்ந்தது. நடைபாதையும் விளக்கும் அப்படியே நின்றன. அவன் கீழே பார்த்தான். சிரிப்பு முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

“ஹம்சா, கதவத் தொற” என்றான். பிறகு, வேறு குரலில், “யாரு தள்ளுதது?”

கதவுக்கு வெளியே ஷூவின் ரப்பர் தரையில் கிறீச்சிட்டது. பை விழுந்தது. ஏதோ உருண்டது. கதவை நோக்கி ஓடினாள். பிடியை இழுத்தாள். பூட்டுக்குள் மோட்டார் உறுமி, பூட்டியே நின்றது. சுவரை நகம் பிராண்டிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம். அவள் பெயர் ஒருமுறை கேட்டது. பிளாஸ்டிக் கயிறு அறுந்தது.

அப்புறம் எதுவும் இல்லை. நீண்ட நேரம் எதுவும் இல்லை. எட்டு மாடி அவ்வளவு உயரம் என்று அவளுக்கு இதற்குமுன் தெரியாது.

கீழே, பனிக்குள், ஒரு காரின் அலாரம் அலறத் தொடங்கியது. பிறகு இன்னொன்று.

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கத்த நினைத்தாள். வாய் திறந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் டேப்லெட் மெல்லச் சொடுக்கியது.

திரும்பக் கூடாது. திரும்பினாள்.

அலமாரியில், மாலைக்கு நடுவில், அவள் முகம் இருந்தது. வெளிறி, வாய் பிளந்து. அவள் தலையை அசைத்தால் அதுவும் அசைந்தது. நெற்றியில் மூன்று கோடு. கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். விரலில் ஈரச் சாம்பல் ஒட்டியது.

அடுத்த ஃபைல்.

மூன்று விரல் நுனிகள் உள்ளிருந்து வந்து அவள் முகத்தின்மேல் படிந்தன. வெளுத்தன. யோசித்தன. அவருக்கு யோசிக்க எப்போதும் நேரம் இருந்தது. ஹம்சா இடப்பக்கத்துக்காகக் காத்திருந்தாள். சீக்கிரம் ஆகட்டும் என்றுகூட நினைத்தாள். இடப்பக்கம் என்றால் கதவு. நடைபாதை. அந்தோணி.

விரல்கள் வலப்பக்கம் தள்ளின.

அவள் வாழ்நாளில் அப்பா அவளுக்குத் தந்த முதல் சம்மதம்.

பாதங்கள் சேர்ந்தே இருந்தன. மார்பிள் தரை அவற்றுக்கு அடியில் நழுவியது. பெட்டியின் கைப்பிடியைப் பற்றினாள். அதுவும் அவளோடு வந்தது, சக்கரம் உருளாமல், கீறிக்கொண்டு. அதை விட்டாள். நாற்காலியைப் பற்றினாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நோயாளி வாசனை நெருங்கியது.

வலப்பக்கச் சுவரோரம், மெத்தையில் ஒரு ஆள் அளவு பள்ளம் இருந்தது. அப்பாவின் அளவு இல்லை. சின்னது.

கட்டிலின் பக்கக் கம்பி தானாகக் கீழே இறங்கியது.