ஈடுநடை

"இன்னிக்கு யாருக்கு?"

வைகைக் கரையில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். சாப்பிட்டாச்சா என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது மதுரையில் ஒருவர் வேகமாக நடக்கிறார் என்றால், அவர் வேறு யாருக்காகவோ நடக்கிறார் என்று அர்த்தம்.

"சம்சாரத்துக்குத்தான், வேற யாருக்கு?" என்றார் பிரவீண்குமார். முன்னாள் ஆட்டோ ஓட்டுநர். ஆட்டோக்கள் தாமாகவே ஓடத் தொடங்கியபின், இவர் தம் கால்களை ஓட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு?"

"மாமனாருக்கு!" என்று மூச்சு வாங்கினார் எதிரே வந்த நண்பர் ஜெரால்டு. "மனுசன் அங்கிட்டு உக்காந்து அல்வாவா அமுக்குறாரு. நான் இங்கிட்டு நாக்குத் தள்ள நடக்குறேன். பொண்ணு குடுத்ததுக்கு இம்புட்டு வட்டியாடா?"

இருவர் மணிக்கட்டிலும் பச்சை நிறத்தில் ஒரு வளையம் மினுங்கியது. பெயர் தூதுவளை. "கீரை பேர மிஷினுக்கு வெச்சிருக்கான் பாரு" என்று பிரவீண்குமார் அதைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஆனாலும் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

விஷயம் இதுதான். நடக்கும்போது தசைகள் சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் சில தூதுப்பொருள்களை அவிழ்த்துவிடுகின்றன. 'சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்' என்று உடம்பெங்கும் சொல்லிக்கொண்டு போவது அவைதாம். தூதுவளை அவற்றை நடப்பவர் உடம்பிலிருந்து உறிஞ்சிப் படித்துச் செய்தியாக அனுப்பும். மறுமுனையில் இருக்கிற வளை அதே பொருள்களைச் செய்து அடுத்தவர் ரத்தத்தில் விடும். கட்டிலில் படுத்திருப்பவரின் தசைகள் தாங்களே நடந்ததாக நம்பிச் சர்க்கரையைக் குடிக்கும். இதற்கு ஈடுநடை என்று பெயர்.

ஒரே நிபந்தனை: ஒரு நடை ஓர் உடம்புக்குத்தான். அனுப்பிவிட்டால் நடந்தவருக்கு அதில் பங்கில்லை. பெறுகிறவர் வேண்டாம் என்று அழுத்தினால், உறிஞ்சியதை வளை நடந்தவர் உடம்பிலேயே திருப்பி விட்டுவிடும். அப்படித் திரும்பி வந்ததை மட்டும் நடந்தவருக்குச் சொல்லாது. ஆசையாகக் கொடுத்ததை ஒருவர் மறுத்தார் என்று தெரிந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது, அதை வடிவமைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிரவீண்குமார் வீடு திரும்பியபோது அவர் மனைவி சுகன்யா மொட்டை மாடியில் கணவருக்காகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்குமே சர்க்கரை. ஆனால் சுகன்யாவுக்கு அது கண்ணில் போய் உட்கார்ந்துவிட்டது. இடது கண்ணின் விழித்திரையில் கசிவு. ஊசியில் நூல் கோர்ப்பதை இப்போதெல்லாம் விரல்தான் பார்த்துச் செய்கிறது. பிளவுஸ் தைக்க எந்த இயந்திரம் வந்தாலும் தெருப்பெண்கள் அளவு கொடுக்க அவளிடம்தான் வருகிறார்கள். கண் போனால் அதோடு எல்லாம் போச்சு. அறுவை சிகிச்சை செய்துவிடலாம், ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எல்லைக்குள் வந்தால்தான் கை வைப்பேன் என்று டாக்டர் இன்பசெல்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று அந்த எண் வந்தது. எல்லைக்குள்! அறுவைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

"பாத்தியா, எல்லாம் என் நடை!" என்று பிரவீண்குமார் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்கும்தான் எறங்கியிருக்கு. அது யாரு நடையாம்?" என்றாள் சுகன்யா.

ஒரு வீட்டில் இரண்டு பேர் இவ்வளவு கர்வமாகச் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள அவர்கள் மகள் ஆதிரை வீட்டில் இல்லை. அவளுக்கு வேலை தூது நிலையத்தில். ஊர் முழுக்க ஓடுகிற தூதுகளைச் சுவரளவு திரையில் பார்த்துக்கொண்டிருப்பது. தூது என்றால் திரையில் ஒரு பச்சைக் கோடு. ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் இறங்க வேண்டும். அன்று மதியம் அவள் கோடுகளின் கிளம்பும் முனைகளை விட்டுவிட்டு, இறங்கும் முனைகளை மட்டும் பிரித்துப் பார்த்தாள். எதுவுமே இறங்கவில்லை. ஏதோ கோளாறு என்று இன்னொரு முறை பிரித்தாள். இப்போதும் அதேதான். மதுரையிலிருந்து கிளம்பிய கோடுகள் எல்லாம் வளைந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

"ரோஷன் சார், இங்க வாங்க. ஊரே அனுப்புது. எவனும் வாங்கல!"

மேலாளர் ரோஷன் ஜிகர்தண்டாவை உறிஞ்சியபடி வந்து பார்த்தார். அவளுக்கும் ஒன்று நீட்டினார். "தெரியும்மா. ரொம்ப நாளா அப்படித்தான். நம்மாளுங்களுக்குக் குடுக்கத்தான் தெரியும். வாங்கச் சொன்னா உசுரு போயிரும்."

"அப்ப நம்ம மிஷின் ஒண்ணுமே பண்ணல சார்!"

"ஏன் பண்ணல? எல்லாரையும் வீட்டவிட்டு வெளிய தள்ளுது. ஊருக்கே சுகர் எறங்குதுல்ல? விடும்மா."

"பொய்யில எறங்குது சார்."

"எறங்குதுல்ல?"

ஆதிரையால் விட முடியவில்லை. தன் குடும்பத்தின் கோடுகளைப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. பார்த்தாள். அம்மா வளையை வாங்கிய நாளிலிருந்தே அப்பாவின் நடையை மறுத்து வந்திருந்தாள். அப்பாவும் அம்மாவின் நடையை அப்படியே. ஆக இறங்கியதெல்லாம் அவரவர் சர்க்கரை, அவரவர் காலால். எவ்வளவு நல்ல செய்தி! இவர்களுக்கு யாருடைய தயவும் தேவையில்லை, இயந்திரமே தேவையில்லை. உண்மை தெரிந்தால் இன்னும் உற்சாகமாக நடப்பார்கள் என்று அவள் முழுசாக நம்பினாள். அதனால் சாப்பாட்டு வேளையில் போட்டு உடைத்தாள்.

பிரவீண்குமார் பிய்த்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"என் நடைய வேணாம்னியா?" என்றார் பிரவீண்குமார்.

"நீங்க மட்டும் என்ன பண்ணீங்களாம்?"

"பொம்பள வேர்க்க வேர்க்க நடப்பா, நான் உக்காந்து பொழைக்கணுமாக்கும்?"

"வெயில்ல போயிட்டு வந்து அப்படியே சாயுறீக. அத நான் உருவிக்கணுமா? எனக்கு மனசு வருமா?"

"அப்ப இத்தன நாளு நான் யாருக்குடி நடந்தேன்?"

"உங்களுக்குத்தான்பா!" என்று ஆதிரை உள்ளே புகுந்தாள். "உங்களுக்கே நடந்திருக்கீங்க. சூப்பர்தானே அது?"

அப்பா அவளைப் பார்த்த பார்வையில், யாரோ தன் சட்டைப்பையில் கைவிட்டுவிட்ட அதிர்ச்சி இருந்தது.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. சுகன்யாவும் மாடிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். குளியலறைக் கண்ணாடி தினமும் காட்டுகிற சர்க்கரை எண் மெதுவாக ஏறத் தொடங்கியது.

"அம்மா, நடம்மா. உனக்காக நட."

"எனக்கா?" சுகன்யா தையலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எனக்குன்னா நாளைக்குப் போய்க்கலாம். இந்தப் பிளவுஸ முடிச்சுத் தரணும். கல்யாண வீடு."

"அப்பா, நீங்களாவது..."

"முட்டி வலிக்குதும்மா."

இத்தனை நாளும் அதே முட்டிதான் கரை முழுக்க நடந்தது. டாக்டர் இன்பசெல்வி திரையில் வந்தார். "ஏறிட்டே இருக்கு. இப்படிப் போனா தேதிய ரத்து பண்ணிருவேன். தள்ளிப் போட்டா கண்ணு தாங்காது, சொல்லிட்டேன்."

உண்மையைச் சொன்ன வாயாலேயே ஒரு பொய்யும் சொல்லிவிடுவது என்று ஆதிரை முடிவு கட்டினாள். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று சொன்னால் போதும், இரண்டு பேரும் எழுந்து ஓடுவார்கள். பொய் பொருத்தமாக இருக்க, நிலையத்திலிருந்து ஒரு தூதுவளையை எடுத்துவந்து, வீட்டில் அவர்கள் முன்னாலேயே மாட்டிக்கொண்டாள். வளை வழக்கப்படி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தது. எண் வந்தது.

பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்து, ஊரார் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ரோஷன் வாங்கித் தருகிற ஜிகர்தண்டாவை எல்லாம் குடித்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? எண்ணை அவள் வாசித்து முடிப்பதற்குள் பிரவீண்குமார் செருப்பை மாட்டியிருந்தார். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்யாண வீட்டுப் பிளவுஸ் பாதியில் கிடந்தது. சுகன்யா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

ஆதிரையின் வளை அதிர்ந்தது. அம்மாவின் நடை வருகிறது. ஏற்கவா, மறுக்கவா?

கணக்குப் போட்டுத்தான் அவள் மறுத்தாள். மறுத்தால் அது அம்மாவுக்கே திரும்பும். அம்மாவின் கண் பிழைக்கும். அப்பாவின் நடையையும் மறுத்தாள். தன் பங்குக்கு அவளும் கரைக்குப் போய், அம்மா பெயரைப் போட்டு நடந்தாள். அம்மா மறுப்பாள் என்று தெரியும். அப்படியே மறுத்தாள். ஆதிரையின் நடை ஆதிரைக்கே திரும்பியது. மூன்று பேர், மூன்று பொய், மூன்று எண்களும் இறங்கின. ரோஷன் சொன்னதில் தப்பே இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள், ரோஷனிடம் அல்ல, தனக்குள்.

குறித்த தேதியில் அறுவை நடந்தது. நன்றாகவே நடந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். விழித்திரை ஒட்டிக்கொள்ளக் கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழி வைத்திருந்தார்கள். அது சரியான இடத்தில் நிற்க வேண்டுமானால் சுகன்யா குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். நடை கூடாது, தலையைத் தூக்கக் கூடாது.

நடை நின்றது. போதாததற்கு வீக்கம் குறையப் போட்ட ஊசி மருந்தும் சர்க்கரையை ஏற்றுகிற வகை. சர்க்கரை சடசடவென ஏறியது.

"புண்ணு ஆறணும்னா இப்ப எறக்கியாகணும்," என்றார் டாக்டர். "தூதுவளை இருக்குல்ல? வீட்டுல நடக்குறதுக்கு ஆள் இருக்குல்ல? இதுக்குத்தானே அதக் கண்டுபிடிச்சாங்க!"

வாஸ்தவம். இதுவரை எந்த வீட்டிலும் தேவைப்படாத அந்த இயந்திரம் இந்த வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. பிரவீண்குமார் கரைக்கு ஓடினார். வேர்த்துக் கொட்டத் திரும்பி வந்தார். சுகன்யாவின் எண் அசையவில்லை.

ஆதிரை கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, மறுபடியும் மறுத்துட்டியா?"

"கை தானா போயிருது." தலையணைக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

"கண்ணு போயிரும்மா!"

"அந்த மனுசனுக்கும் சுகருடி. அவரு நடைய நான் எடுத்துக்கிட்டா அவருக்கு என்ன மிச்சம்?"

"ஒரு தடவ வாங்கினா ஒண்ணும் ஆகாதும்மா."

"ஓகோ. நீ வாங்குனியா?"

ஆதிரை வளை மாட்டிய மணிக்கட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் வயித்துல பொறந்தவதானடி நீ. நாங்க நடந்தத ஒரு நாளாச்சும் வாங்குனியா? சொல்லு."

வாசலில் பிரவீண்குமார் ஒரு செருப்பை மாட்டியும் மாட்டாமலும் நின்றார். "ஏ, அவளும் வாங்கலையா? இந்த வீட்டுல என் நடைக்கு மதிப்பே கெடையாதா?"

"நான் வாங்கணும்னா," என்றது தலையணை, "நான் எந்திரிச்சு நடக்குறப்ப அத இவ வாங்கணும். இப்பவே அமுக்கிக் காட்டச் சொல்லுங்க."

ஆதிரை வளையில் சுகன்யாவின் பெயரை எடுத்தாள். 'எப்போதும் ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருந்தது. இந்த ஊரில் யாரும் தொடாத பொத்தான். அதன் கம்பி எங்கே போகிறது, எந்த வால்வு திறக்கும், எல்லாமே அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் விரல் இறங்க மறுத்தது. அம்மாவின் வேர்வையை, அம்மாவின் கண்ணை, தானே கைநீட்டிப் பிடுங்குவது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"அமுக்கிட்டேன்."

கட்டிலுக்கு வெளியே தொங்கிய சுகன்யாவின் கை மெதுவாக நகர்ந்து தன் வளையைத் தடவியது. "ம். நானும்."

"ரெண்டு பேரும் ஒழுங்கா இருங்க. இந்தா வந்துட்டேன்," என்று பிரவீண்குமார் பாய்ந்து வெளியே போனார். அவர் அன்று நடந்த நடையைக் கரையில் பார்த்தவர்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

நிலையத்துத் திரையில் பிரவீண்குமாரின் பச்சைக்கோடு கிளம்பியது. வளையவில்லை, திரும்பவில்லை. நேராகப் போய் சுகன்யாவிடம் இறங்கியது. அவள் எண் இறங்க ஆரம்பித்தது. நிலையத்திலிருந்து ரோஷன் அழைத்துக் கத்தினார்: "ஆதிரை! ஒண்ணு இறங்கிருச்சும்மா! உங்க வீட்டுலதான்!"

சாயங்காலம், கட்டிலருகே வந்து உட்கார்ந்த பிரவீண்குமாரின் வளை கூவியது. அவருடைய சர்க்கரை எகிறியிருந்தது. எவ்வளவு நடந்தும் ஒரு துளிகூட அவருக்குத் தங்கவில்லை. அந்த ஊரில் முதன்முறையாக இயந்திரம், எழுதிவைத்தபடியே, சுத்தமாக வேலை செய்திருந்தது.

ஆதிரை எழுந்து காலணியை மாட்டினாள். வளையில் அப்பாவின் பெயரைப் போட்டாள். அவள் படியிறங்கித் தெருமுனை தாண்டுவதற்குள் பிரவீண்குமாரின் மணிக்கட்டு அதிர்ந்தது. மகளின் நடை வருகிறது. ஏற்கவா, மறுக்கவா?

"சின்னப்புள்ள. அவளுக்கே சுகரு," என்று முணுமுணுத்தபடி அவர் விரல் வழக்கமான பொத்தானை நோக்கிப் போனது. கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அந்த மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தது.

"வாங்கிக்கங்க," என்றாள் சுகன்யா தலையணைக்குள்ளிருந்து. "கஷ்டமாத்தான் இருக்கும். ஒரு தடவ வாங்கிப் பாருங்க."