சிவப்புத் தரையில் வெள்ளை இல்லை

காலை ஆறரை மணிக்கு மாடியிலிருந்து ராகுல் போட்ட கூச்சலில், கேத்தரின் கையிலிருந்த தோசைத் திருப்பி தரையில் விழுந்தது.

"அக்கா! மாமா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பின்னால் அவள் கணவன் வில்சன். மாடிப் போர்ஷன் கதவு திறந்திருந்தது. வாசலில் ராகுல் கம்பெனிச் சட்டையோடு நின்றான். உள்ளே, சிவப்பு சிமெண்ட் தரையில் குடித்தனக்காரன் நந்தகோபால் பக்கவாட்டில் கிடந்தான். வலது கை எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மேல் இருந்தது. அவன் தலைக்கு மேலே சுவிட்ச் போர்டு, அதற்கும் மேலே முந்தின நாள் வில்சன் மாற்றிய பைப்பின் வளைவு. அந்த வளைவிலிருந்து தரைவரை சுவர் ஊறி, உடம்புக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"யாரும் தொடாதீங்க! ஏங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க!"

இருபது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் அவள். மெயின் அணைந்ததும் மண்டியிட்டுக் கழுத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. தாடை விறைத்திருந்தது. உயிர் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்த வில்சன் பிணத்தைப் பார்க்கவில்லை. பைப் வளைவைத்தான் பார்த்தான். பார்த்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கேத்தரின்... என் ஜாயிண்ட்டு ஒழுகியிருக்கு. நான்தான் கொன்னுட்டேன்."

"ராகுல், இவருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா, சீக்கிரம்!"

ராகுல் கீழே ஓடி அவள் சமையலறையிலிருந்து ஒரு சொம்போடு வந்தான். அறை மூலையில், நந்தகோபாலின் மனைவி தீபலட்சுமி தைத்த பூப்போட்ட உறைக்குள் தண்ணீர்க் கேன் ஸ்டாண்டில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அவர்களின் கல்யாணப் படம். தீபலட்சுமி ஏழு மாதக் கர்ப்பிணியாக ஆலங்காயத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ராகுல் அவளுடைய தம்பி; மூன்று மாதமாக இங்கே தங்கி, மாமா வேலை செய்யும் கம்பெனிக்கே போய்வருகிறான்.

வில்சன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கணக்கு எழுதுகிறவன். வீட்டில் எது உடைந்தாலும் ஆள் கூப்பிட மாட்டான். டைல்ஸ், வயரிங், பெயிண்ட், பைப் எல்லாமே அவன் கைவேலைதான். "உன் வீட்டுக்காரரு ஆபரேஷன் மட்டும்தான் இன்னும் பண்ணல" என்று எதிர்வீட்டு தேவகி கிண்டலடிப்பாள். கேத்தரினும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்க என்று சண்டையும் போட்டிருக்கிறாள்.

முந்தின நாள் மாலை என்ன நடந்தது? அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வில்சன் ஏணியில் நின்று பழைய வளைவை அறுத்தான். அவள் கீழே நின்று டார்ச் அடித்தாள். நந்தகோபால், ஷூ கம்பெனி குடோன் சூப்பர்வைசர், டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்குக் கம்பெனில ஒரு பேஜாரான வேலை இருக்குக்கா. குடோன்ல தோலு கம்மியாகுது. யாருன்னு தெரிஞ்சிட்டுது. சொந்தம்னு பாத்தா நம்ம வேலை போய்டும்." ராகுல் பின்னால் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். மூடியின் சீலை உடைத்து, ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, உறையை இழுத்துவிட்டான். நைட் ஷிப்ட் வேன் ஹாரன் அடிக்க, இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் வில்சன் புது வளைவை ஒட்டினான். 'காலைல வரைக்கும் மேல தண்ணி வராது நந்து, பேஸ்ட் காயணும்' என்று சொன்னான். மொட்டை மாடிக்குப் போனான். தொட்டி வால்வை மூடினானா? அதை அவள் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அமிர்தவள்ளி வந்தார். ஒல்லியான உருவம், வெட்டி வெட்டிப் பேசும் பழக்கம்.

"கதவு எப்படி இருந்துச்சு?"

"பூட்டியிருந்துச்சு மேடம்" என்றான் ராகுல். "ஷிப்ட் முடிஞ்சு வந்து என் சாவில திறந்தேன்."

"சாவி எத்தனை?"

"மாமாகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. வில்சன் அண்ணன்கிட்ட ஒண்ணு."

"பைப் வேலை யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் வில்சன்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல மேடம்."

"தொட்டி வால்வ மூடினியா?"

"மூடினேன்னுதான் நினைக்கறேன். விடிகாலைல திறந்தேன்... இல்ல, அது முந்தா நாளா? தெரியல மேடம். எழுதிக்குங்க. என் தப்புதான்."

"ஏங்க, வாய மூடுங்க!" என்று கேத்தரின் கத்தினாள்.

"இன்னாம்மா, அவரே சொல்றாரு" என்றார் அமிர்தவள்ளி. "பேஸ்ட் ஈரமா இருக்கும்போது தண்ணி விட்டா ஒழுகத்தான் செய்யும். கவனக் குறைவால மரணம். சாயந்தரம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்திடுவேன். இந்த ரூம்ல யாரும் எதையும் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது."

வில்சனை இழுத்துப் போகும்போது, மாடி வராந்தாவில் அவள் மாப் போட வைத்திருந்த பக்கெட்டை ஒரு கான்ஸ்டபிள் உதைத்துவிட்டார். போர்வெல் தண்ணீர் வராந்தாவின் சிவப்புத் தரை முழுக்க ஓடியது. யாரும் கவனிக்கவில்லை. வில்சன் மட்டும் பழக்கதோஷத்தில் குனிந்து பக்கெட்டை நிமிர்த்தி வைத்தான். அதைப் பார்த்ததும் கேத்தரினுக்கு அழுகை வெடித்தது.

மதியம் பிணத்தை எடுத்துப் போனார்கள். ராகுல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, வாசலில் தலையைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். வக்கீல் ஃபோனை எடுக்கவில்லை. மூன்று மணிக்கு தீபலட்சுமியின் எண் ஒளிர்ந்தது. அதுவரை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

"அக்கா, வில்சன் அண்ணன் போட்ட பைப்பா? அவருக்கு நான் இன்னா பண்ணேன்க்கா? பிளம்பரைக் கூப்பிட்டிருந்தா என் வீட்டுக்காரரு உயிரோட இருப்பாரே!"

அந்த நிமிடம் கேத்தரினும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கால்கள் தாமாக மாடிக்கு நடந்தன. வால்வு, வால்வு என்று மனது ஜெபம்போல் முனகியது. ஆண்டவரே, அவர் மூடினாரா?

வராந்தாவில் கால் வைத்தபோது பாதத்தில் நறநறவென்று இருந்தது. குனிந்தாள். காலையில் பக்கெட் கவிழ்ந்த இடம். சித்திரை வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. சிவப்புத் தரையில் வரைபடம்போல ஒரு வெள்ளைக் கறை. இந்த ஊர் போர் தண்ணீரின் குணம் அது; மொட்டை மாடித் தொட்டியில் ஏறுவதும் அதே தண்ணீர்தான். பாலாற்றுக் கரை டேனரிகளின் உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில் இருந்தது. குழாய், பக்கெட், கண்ணாடி, எதையும் விடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வில்சன் ஆசிட் வைத்துத் தேய்ப்பான்.

பூட்டிய அறையின் ஜன்னல் கம்பிக்குள் பார்த்தாள். உள்ளேயும் ஈரம் காய்ந்திருந்தது. யாரும் துடைக்கவில்லை. நந்தகோபால் கிடந்த இடத்தில் சாக்பீஸ் கோடு. அதைச் சுற்றி வழுவழுப்பான சிவப்பு. நீலச் சுவரிலும் ஒரு வெள்ளைக் கோடு கிடையாது.

வெளியே பார்த்தாள். உள்ளே பார்த்தாள். மறுபடி வெளியே.

செருப்புக்கூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"மேடம், மாஜிஸ்திரேட்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தரம் வீட்டுக்கு வாங்க. அஞ்சு நிமிஷம். உங்க கால்ல விழறேன்."

அமிர்தவள்ளி அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வராந்தாவில் நின்று இரண்டு தரைகளையும் பார்த்தவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் இந்த ஊர்தான். தினம் பக்கெட்டைத் தேய்க்கறேன். என் கண்ணுல படல பாரு."

"உள்ள கொட்டினது குழாய்த் தண்ணி இல்ல மேடம். கேன் தண்ணி."

முந்தின மாலையிலிருந்து காலைச் சொம்புவரை நடந்ததை அவள் சொல்ல, போலீஸ் வைத்த சீலை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். அமிர்தவள்ளி பூப்போட்ட உறையின் மேல் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். கேன் எடையே இல்லாமல் ஆடியது.

"ராகுலைக் கூப்பிடு."

ராகுல் வந்தான். கண் சிவந்திருந்தது.

"காலைல அக்கா தண்ணி கேட்டாங்களே, எங்கிருந்து கொண்டாந்த?"

"கீழ, அவங்க வீட்லேர்ந்து."

"ரூம்லயே கேன் இருக்கு. ஏன் கீழ ஓடின?"

"அதுல தண்ணி இல்ல மேடம்."

அமிர்தவள்ளி குரலை உயர்த்தவில்லை.

"நேத்து சாயந்தரம் சீல் உடைச்சு மாட்டினது யாரு?"

"நான்..."

"ஃபுல் கேன். உடனே ஷிப்டுக்குப் போய்ட்ட. காலைல கதவைத் திறந்ததும் கத்தின. உறைக்குள்ள இருக்கற கேன் காலின்னு உனக்கு யார் சொன்னது?"

ராகுல் கேனைப் பார்த்தான். கல்யாணப் படத்தைப் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ கம்பெனிலதான இருந்த? கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணேன். சாப்பாட்டு பெல்லுக்கு வெளிய போனவன் ரொம்ப நேரம் வேலைக்கே திரும்பலன்னு சொல்றாங்க."

"பிரியாணி சாப்பிடப் போனேன் மேடம்..."

"பைப்பைப் புதுசா மாத்தறாங்கன்னு பாத்துட்டுப் போன. பழி விழ ஒரு ஆள் தயாரா இருந்தாரு. தூங்கறவர் கைல கரண்ட்டை வெச்சுட்டு, ஜாயிண்ட் ஒழுகின மாதிரி காட்டக் குழாயைத் திறந்த. தண்ணி வரல. தொட்டி காலின்னு நினைச்சிருப்ப. அவசரத்துல கேனைச் சுவத்துல கவிழ்த்துட்ட." அமிர்தவள்ளி வராந்தாவைக் காட்டினார். "அங்க பாரு. உங்க ஆலங்காயம் மலையடி ஊர், அங்க கிணத்துத் தண்ணி தித்திப்பு, காஞ்சா தெரியாது. இந்த ஊர்த் தண்ணி எங்க கொட்டினாலும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகும்."

"இங்க வந்து மூணு மாசம் ஆச்சு" என்றாள் கேத்தரின். "ஒரு நாள் பக்கெட்டைக் கழுவியிருந்தாக்கூட உனக்குத் தெரிஞ்சிருக்கும்டா."

ராகுல் சுவரோடு சரிந்தான். "நாலஞ்சு தோலுதான்க்கா எடுத்தேன். இன்னைக்கு ஆபீஸ்ல சொல்லிடுவேன்னாரு. கால்ல விழுந்தேன். கேக்கல..."

மாலை வெயில் சாயும் நேரத்தில் வில்சனை விட்டார்கள். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றவன் அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

"ஜாயிண்ட்டு ஒழுகலையா?"

"ஒரு சொட்டு இல்லங்க. வால்வ நீங்க மூடியிருந்தீங்க. மூடினதாலதான் அவனுக்குக் கேனைத் தூக்க வேண்டியதாச்சு."

வில்சன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பேஸ்ட் கறை படிந்த விரல்களின் இடுக்கில் கண்ணீர் வழிந்தது. அவள் அவன் தோளைப் பிடித்து வீடுவரை நடத்திவந்தாள்.

வாசலில் ஆலங்காயத்து டாக்ஸி நின்றிருந்தது. தீபலட்சுமி வயிற்றைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். வில்சனைக் கண்டதும் அவள் உதடு துடித்தது. அவனைத் தாண்டி, வீட்டுக்குள், மாடிப்படியில், தெருவில் என்று அவள் கண்கள் யாரையோ தேடின.

"அக்கா," என்று கேத்தரின் கையைப் பற்றிக்கொண்டாள். "எனக்கு இனிமே அவன் ஒருத்தன்தான்க்கா. ராகுல் எங்க?"