வெறுங்கால் தடம்

"யோவ், நீதான்யா தீ வச்சே!"

"நான் வைக்கலைங்க, சாமி மேல சத்தி..."

"சாமிய இழுக்காத! அந்தா கெடக்கு பாரு, உன் வெறுங்கால் தடம்!"

"பொகையப் பாத்து அணைக்க ஓடியாந்தேங்க..."

காலை 9.40. கவுஞ்சி மலைக்கிராமத்துக்கு மேலே காப்புக்காட்டில் இரண்டு ஏக்கர் புல்வெளி கரிந்து கிடந்தது. மாடு மேய்க்கும் சின்னக்கருப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார் வனக்காவலர் பழனிக்குமார். கேஸ் எழுதினால் கிழவருக்கு ஜெயில்தான். அவர் மனைவி பிச்சையம்மாள், ரேஞ்சர் ராஜகுமாரியின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

ராஜகுமாரி குனிந்தார். தீ கிளம்பிய இடம் சோலை விளிம்பு. ஊரார் கும்பிடும் கருப்பசாமி கல்லின் அடி. கல்லில் சூடம் எரிந்த புதுக் கறை. அங்கே விளக்கேற்றவும் பொங்கல் வைக்கவும் போன வருஷமே தடை போட்டாயிற்று. சுற்றிலும் ஈரமண்ணில் வெறுங்கால் தடங்கள்.

"தீய முதல்ல பாத்தது யாரு?"

"நான்தான் மேடம். எட்டே முக்காலுக்கு, ரோட்டுல இருந்து. ஓடியாந்து மிதிச்சே அணைச்சுப் பாத்தேன்."

"ஏன் நொண்டுறீங்க?"

"பூட்ஸ் கடிக்குது மேடம்."

"மூணு வருஷப் பூட்ஸ் இன்னைக்குத்தான் கடிக்குதா? கழத்துங்க."

பழனிக்குமார் கிழவரின் சட்டையை விட்டார். ஆனால் குனியவில்லை.

"கழத்துங்கன்னேன்."

9.55. பூட்ஸின் அடி கருகவே இல்லை. உள்ளே இருந்த உள்ளங்காலோ வெந்து தோலுரிந்திருந்தது.

"பூட்ஸோட மிதிச்சா உள்ளங்கால் எப்படி வேகும்? ரோட்டுல இருந்து ஓடியாற அவசரத்துல யாரு பூட்ஸக் கழத்துவா? தீ பிடிக்கிறப்பவே நீங்க வெறுங்காலோட இந்தக் கல்லு முன்னாடி நின்னிருக்கீங்க. சூடம் ஏத்துனது நீங்க."

பழனிக்குமாரின் தலை தொங்கிப்போயிற்று. "வீட்டுக்காரிக்கு வெள்ளனே வலி கண்டுருச்சு மேடம். ரெண்டு தடவ கலைஞ்சவ. ஒரு சூடந்தானேன்னு... காத்து தட்டிவிட்டுருச்சு."

"அதுக்கு இவர உள்ள தள்ளப் பாத்தீங்களா?"

கேட்டதும் ராஜகுமாரியின் பார்வை பிச்சையம்மாளிடம் போய், கீழே இறங்கியது. போன வருஷம் இதே கல்லடியில் பிச்சையம்மாளின் பொங்கல் பானை உருண்டு ஓடியபோது, பக்கத்தில் வாய்மூடி நின்றவர்தானே அவரும்.

பிச்சையம்மாள் அந்தப் பூட்ஸைச் சுட்டிக்காட்டினாள்.

"ஏன் தம்பி, என் பானைய எத்துறப்ப மட்டும் இதக் கழத்தத் தோணலையா?"