உருண்டை டப்பாவின் இடப்பக்கம்

“‘ஆம்’னு அழுத்து நண்டு. எவ்வளவு நேரம் யோசிப்ப?”

“இரு அண்ணா. இதுல இருக்கிற எல்லாமே அழிஞ்சுடும்னு போட்டிருக்கே.”

“எந்தக் கார்டைப் போட்டாலும் அப்படித்தான் கேக்கும்.”

“இது காலிக் கார்டுதானே? காலியா இருந்தா, அழிக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு?”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது எனக்குப் பத்து வயது. நண்டு என்பது அண்ணன் எனக்கு வைத்த பெயர். மறுநாள் காலை அவன் வெளியூரில் கல்லூரியில் சேரப் போகிறான். அதற்குள் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து தருவதாகச் சொல்லியிருந்தான்.

மேசைமேல் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை கிடந்தது. திரை கிடையாது, பெட்டி கிடையாது. அதுதான் கம்ப்யூட்டராம்.

“இந்தக் குட்டி உடம்புல பெரிய சிஸ்டத்தை ஏத்தினா மூச்சு வாங்கும். அதனால லேசான லினக்ஸா பாத்து எடுத்திருக்கேன்” என்றான் அண்ணன்.

கம்ப்யூட்டரை இயக்கும் அந்த லினக்ஸ் மென்பொருளை அப்பாவின் லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தோம். இனி அதை நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில் எழுதி, கார்டைப் பலகையில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது கதைக்காக. எனக்கு ஐந்து வயதானதிலிருந்து நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு வரி, நான் ஒரு வரி. கலங்கரை விளக்கத்தில் வாழும் ஒரு கரடியின் கதை. அந்தக் கரடி திமிங்கிலத்துக்குப் பல் தேய்த்துவிட்டிருக்கிறது. நிலாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறது.

போன வருடம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கதையும் அதோடு போயிற்று. ஞாபகத்திலிருந்து நோட்டில் எழுதிப் பார்த்தோம். திமிங்கிலம் வந்தது, நிலா வந்தது. கதை எப்படி ஆரம்பித்தது என்பது மட்டும் இரண்டு பேருக்கும் வரவே இல்லை.

இனி அவன் அங்கிருந்து ஒரு வரி அனுப்புவான். நான் இங்கிருந்து ஒரு வரி அனுப்புவேன். அம்மாவின் போனில் எழுதலாம்தான். ஆனால் அம்மா படித்துவிட்டு, “கரடி எப்ப சாப்பிடும்?” என்று கேட்பாள்.

“ஒரே ஒரு தடவை திறந்து பாத்துடலாம் அண்ணா.”

“அஞ்சு மணிக்கு அப்பா லேப்டாப்பைக் கேப்பாரு!”

“ஒரு நிமிஷம்தான்.”

‘இல்லை’ என்பதை அழுத்தினேன். கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தேன்.

படங்கள். நூற்றுக்கணக்கில் படங்கள். நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் நீலக் கேட். கூரை ஒழுகும் இடத்தில் வைத்த சிவப்பு வாளி. மூன்று கால் நாற்காலியில் சாய்ந்து விழப்போகும் அப்பா.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அம்மா!” என்று கத்தினான்.

அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். “டப்பால இடப்பக்கம் காலிக் கார்டு, வலப்பக்கம் நிறைஞ்ச கார்டு. எத்தனை தடவைடா சொல்றது?”

“இடப்பக்கத்துல இருந்துதாம்மா எடுத்தேன்!”

நடுவில் அட்டை வைத்துத் தடுத்த பழைய பிஸ்கட் டப்பா அது. மூன்று பேரும் மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தோம். அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“ஏங்க, நேத்து அலமாரியைத் துடைச்சீங்களே...”

“துடைச்சேன். டப்பாவை எடுத்த இடத்துலயே வச்சேன்.”

“எப்படித் திருப்பி வச்சீங்க?”

“அது உருண்டை டப்பா! உருண்டைக்கு இடது, வலது பாக்குற ஒரே வீடு நம்ம வீடுதான்!”

கோபமாக ஏதோ சொல்ல வந்த அம்மா சிரித்துவிட்டாள்.

பிறகு நான்கு பேரும் லேப்டாப்பின் முன் குனிந்தோம். ஒரு வீடியோ ஓடியது. பழைய வீட்டின் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. அண்ணனின் மடியில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முன்னால் அந்தப் பழைய கம்ப்யூட்டர்.

“என்னடா எழுதுறீங்க?” என்றது படமெடுத்த அம்மாவின் குரல்.

வீடியோவில் சிறுவனாக இருந்த அண்ணன் திரையைப் பார்த்துப் படித்தான். “‘ஒரு கலங்கரை விளக்கத்தில் ஒரு கரடி இருந்தது. அதற்கு இருட்டு என்றால் பயம்.’ இப்ப நீ சொல்லு நண்டு.”

சின்ன நான் விரலைச் சப்பிக்கொண்டு யோசித்தேன். பிறகு கத்தினேன்: “அதனால அது லைட்டைப் போட்டுச்சு!”

வீடியோ நின்றது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆரம்பம் அதுதான்.

“நல்லவேளை” என்றான் அண்ணன் மெதுவாக. என்னை அவ்வளவு அவசரப்படுத்தியவன், அந்த வீடியோவை இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.

எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்தோம். டப்பாவின் மறுபக்கத்திலிருந்து ஒரு கார்டை எடுத்தேன். திறந்து பார்த்தேன், சுத்தமாகக் காலி. மறுபடி அதே கேள்வி வந்தது. இந்த முறை ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

எழுதி முடித்த கார்டைப் பலகையில் செருகினோம். டிவிக்கு ஒரு வயர், கீபோர்டுக்கு ஒரு வயர், மின்சாரத்துக்குப் போன் சார்ஜர். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது. டிவியில் வெள்ளை எழுத்துகள் எறும்புகள்போல் வரிசையாக ஓடின.

“என்ன, திட்டுதா?” என்றார் அப்பா.

“இல்லப்பா, கண்ணு முழிக்குது.”

மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது. அப்பா லேப்டாப்பை நினைக்கவே இல்லை.

மறுநாள் காலை வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. பை தோளில் இருக்க, அண்ணன் கீபோர்டின் முன் நின்றபடியே எதையோ தட்டிக்கொண்டிருந்தான். முடித்ததும் என் தலைமுடியைக் கலைத்துவிட்டு ஓடினான்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை கையாட்டினேன். பிறகு உள்ளே வந்தேன். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. டிவியில் எங்கள் கதையின் ஆரம்பம் இருந்தது. அதற்குக் கீழே அவனுடைய புதிய வரி.

‘கரடி படகில் ஏறியது. கரையில் நின்ற நண்டைத் திரும்பிப் பார்த்து, “நான் வரும்வரை இந்த விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்கிறாயா?” என்று கேட்டது.’